ஆரின் ஹாகனின் நூறு கேலன் வெட்கம்

ஆரின் ஹாகன் தன் பிக்கப்பில் இன்னொரு டீசல் டேங்க் மாட்டிக்கொண்டது நெடுஞ்சாலைக் கடைக்காரி லவோனின் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் என்று பிளம்ரிட்ஜில் ஒரு பேச்சு. தபால் நிலையத்தில் பிறந்த இந்தப் பேச்சு, தானியக் கிடங்கில் தவழ்ந்து, ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் கோயில் காபி நேரத்தில் ஞானஸ்நானமும் பெற்றுவிட்டது. ஆகவே உண்மையாகத்தான் இருக்கவேண்டும் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

வேறு பேச்சுகளும் இல்லாமல் இல்லை. வயல் வேலைக்கென்று வரியில்லாமல் கிடைக்கும் சிவப்புச் சாய டீசலை ஆரின் அதில் ஒளித்து ஓட்டுகிறார் என்றார் ஒருவர். அலாஸ்காவுக்கே குடிபோகிறார் என்றார் இன்னொருவர். நெப்ராஸ்காவில் ஒரு பெண்மணி இருப்பதாகவும் அவர் வீடு சரியாக அந்த டேங்க் கொள்ளும் டீசல் தூரம் என்றும் சொன்னவருக்கு, அந்தப் பெண்மணியின் கண் நிறம்கூடத் தெரிந்திருந்தது.

ஊர்ப் பத்திரிகையில் வதந்தியைச் சரிபார்ப்பது என் வேலை. சரிபார்க்காமல் எழுதிவிடுவதும் அதே சம்பளத்துக்குத்தான். ஆனால் மொன்டானாவின் கிழக்குக் கோடியில் மார்ச் மாதத்தில் காற்றைத் தவிர வேறு செய்தி கிடையாது. கிளம்பினேன்.

ஆரினின் பண்ணை ஊருக்கு வடக்கே, தார்ச் சாலை மனம் தளர்ந்து சரளையாகும் இடத்தில் இருக்கிறது. அங்கேயே பிறந்தவர். மனைவி பில்லிங்ஸ் நகரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். "அவளுக்குக் காத்து ஒத்துக்கல" என்பதோடு ஆரின் அந்த அத்தியாயத்தை மூடிவிடுவார். எங்கள் ஊர்க் காற்று யாருக்குமே ஒத்துக்கொள்வதில்லை என்பதால் மேற்கொண்டு யாரும் கிளறியதில்லை.

மாடு வைத்திருக்கிறார். எத்தனை என்று எனக்குத் தெரியாது; யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் மாடு எத்தனை என்று கேட்பது, வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று கேட்பதைவிட மோசம். வங்கியில் இருப்பதையாவது இரண்டு பீருக்குப் பிறகு தாங்களே சொல்லிவிடுவார்கள். மாட்டுக் கணக்கைக் கேட்டவனுக்கு அடுத்த அறுப்பில் உதவிக்கு ஆள் வராது.

எத்தனையோ, அது வயிற்றுக்குப் போதவில்லை. அதனால் ஊரார் மாடுகளையும் குதிரைகளையும் டிரெயிலரில் ஏற்றி, டகோட்டா, வயோமிங், நெப்ராஸ்கா என்று கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பிழைப்பு. ஆரின் ஓட்டினால் குதிரைக்கு வேர்க்காது என்பார்கள். வளைவு வருமுன் பின்பக்கம் திரும்பி, "பொண்ணுங்களா, இப்ப இடது பக்கம் சாயும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் திருப்புவாராம். மனிதர்களுக்கு அவர் இவ்வளவு விவரமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒவ்வொரு பயணத்திலும் அவர் நிற்கும் இடம் லவோன் ஹ்ருஸ்காவின் கடை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் பம்பு, ஒரு டீசல் பம்பு, உள்ளே நீளமான கவுன்டர், கொஞ்சம் சுழல் நாற்காலிகள். அங்கே டீசல் போடாமல் தவறவிட்டால், அடுத்த பம்பு வருவதற்குள் முயலுக்கே மூச்சு வாங்கும். ஆரின் டீசல் போடுவார், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கேரமல் ரோல் என்கிற பாகில் ஊறிய ரொட்டிச் சுருள் ஒன்று சாப்பிடுவார், தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார். வருஷக்கணக்காக இதுதான். இந்தக் குளிர்காலத்தில் திடீரென்று நிறுத்திவிட்டார். நிறுத்திய கையோடு டேங்க்கும் வந்துவிட்டது. பேச்சு பிறக்காமல் என்ன செய்யும்?

முதலில் டேங்க்கை மாட்டிய மைலோவின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். மைலோ முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வாங்க பத்திரிகைக்காரரே. யாரைக் கிழிக்கணும்?"

"ஆரின் எதுக்கு டேங்க் மாட்டினார்? உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"'தூரம் ஜாஸ்தி'ன்னாரு."

"தூரம் எப்பவும் அதேதானே?"

"நானும் அதான் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. 'காத்தும் ஜாஸ்தி'ன்னாரு."

"சிவப்பு டீசல்னு ஒரு பேச்சு..."

மைலோ ஒரு வெள்ளைத் துணியை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "போன வாரம் மூடியத் திறந்து இதைத்தான் முக்கிப் பார்த்தேன். சிவப்பு எங்க இருக்கு, காட்டுங்க. உங்களுக்கு முன்னாடியே எனக்கும் சந்தேகம் வந்தாச்சு."

அலாஸ்காவும் இல்லை; அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பிக்கப்பின் டயர் தாங்காது என்றார். நெப்ராஸ்காப் பெண்மணியைப் பற்றிக் கேட்டதற்கு, ஆரின் அவளிடம் என்ன பேசுவார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்த வதந்தியும் அங்கேயே இறந்தது.

டேங்க்கைப் பற்றி மட்டும் மைலோ ஆசையாகப் பேசினார். "டிரெயிலர் கழுத்து பிக்கப் முதுகுல வந்து உக்கார்ற ரகம். திரும்பறப்ப அதோட மூக்கு டேங்க்ல இடிக்கக் கூடாது. அதனால கேபினை ஒட்டி, உசரம் கம்மியா வெச்சிருக்கேன். மோட்டார் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மேல இருக்கிறது தானா கீழ் டேங்க்குக்கு இறங்கும். நடுவுல ஒரு வால்வு. பம்புல நிறுத்திக் கீழ் டேங்க்கை ரொப்பும்போது அதை மூடணும். இல்லன்னா மேல இருக்கிறதும் இறங்கி வந்து, வழிஞ்சு பூட்ஸை நனைச்சிடும். ரொப்பி முடிச்சதும் திறக்கணும். இதை நின்னு நிதானமா சொன்னேன்."

"கேட்டுக்கிட்டாரா?"

"தலையாட்டினாரு. அந்த மனுஷன் தலையாட்டினா ஆமாவும் அப்படித்தான், இல்லையும் அப்படித்தான்." மைலோ குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. வால்வு திறந்திருந்தா, மேல இருக்கிறது தீர்ற வரைக்கும் டீசல் முள்ளு நிறைஞ்ச இடத்துலேயே நிக்கும், அசையாது. அதை ஓட்டிப் பார்த்துட்டு வந்து சிரிச்சாரு. நான் அவர் பல்லைப் பார்த்தது அன்னிக்குத்தான்."

அடுத்து லவோன். கவுன்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த கவுன்டர்.

"ஆரின் வர்றாரா?" என்றேன், வானிலை கேட்பதுபோல.

"தினம் வர்றாரு. அப்படியே போறாரு." வெளியே சாலையைக் காட்டினார். "கடையைத் தாண்டுறப்ப முகம் அந்தப் பக்கம் திரும்பிடுது. ஆனா கை இருக்கே, பழக்கத்துல ஸ்டியரிங்லேருந்து ஒரு விரலைத் தூக்கிடுது. விரல் எனக்கு வணக்கம் சொல்லிட்டுப் போகுது, ஆள் சொல்லலை."

எதிரே வருபவன் எதிரியானாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்காமல் எங்களால் கடந்துபோக முடியாது. கோபத்தைக்கூட விரலைத் தூக்கிவிட்டுத்தான் காட்டவேண்டும்.

"என்ன கோபமாம்?"

"ரோல்ல இலவங்கப்பட்டையை ஒரு சிட்டிகை கூட்டினேன். அதுக்கப்புறம்தான் வரல. வேற என்ன இருக்கு?"

"கேட்டுப் பார்க்கலாமே."

"நான் எதுக்குக் கேக்கணும்? பிடிக்கலன்னா வாயத் திறந்து சொல்லட்டும். எனக்குன்னு ஒரு மரியாதை கிடையாதா?"

சொல்லிவிட்டு, துணியை மடித்து வைத்தார். பிறகு கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு காலி ரொட்டிப் பையையும் ஒட்டும் டேப்பையும் எடுத்து என் முன்னால் போட்டார். ஓடாத பம்பின் குழாய் வாயில் ரொட்டிப் பையை மாட்டி டேப் சுற்றுவது எங்கள் வழக்கம். எத்தனையோ செத்த ஊர்களின் வாசலில் அது காற்றில் படபடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"டீசல் லாரிக்காரன், பாதி லோடுக்காக இவ்வளவு தூரம் வர மாட்டேன்னுட்டான். முழு லோடு எடுத்தா விக்கணும். இங்க போற டீசல்ல பாதி அந்த ஒரு வண்டிதான் குடிச்சிட்டிருந்துது. மாசக் கடைசிக்குள்ள நான் சொல்லணும். இல்லன்னா இதை மாட்ட வேண்டியதுதான்." பையைத் தடவி நேராக்கினார். "டீசலுக்கு நிக்கிறவன்தான் காபிக்கு உள்ள வர்றான். இன்னிக்குப் பம்புக்குப் பை மாட்டினா, கொஞ்ச நாள்ல கதவுக்குப் பூட்டு. எனக்குத் தெரியாதா?"

அந்த ரோலைச் சாப்பிட்டுப் பார்த்தேன். இலவங்கப்பட்டை அளவாகத்தான் இருந்தது. ஒருவன் நூறு கேலன் இரும்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு இல்லை.

ஆரின் வீட்டு முற்றத்தில் டிரெயிலரைக் கழுவிக்கொண்டிருந்தார். காற்று, ஹோஸ் நீரில் பாதியை அவருக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிக்கப்பில், கேபினுக்குப் பின்னால் புதிய டேங்க் சர்ச்சுக்குப் போகிற பையன்போல மினுமினுத்தது.

"நல்ல டேங்க்" என்றேன்.

தலையாட்டினார்.

"லவோன் கடைப் பக்கம் காணோமே."

ஹோஸை மூடினார். தொப்பியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். பதில் அங்கே இல்லை போலும், மறுபடி போட்டுக்கொண்டார்.

"கேட்டுட்டேன்" என்றார்.

"என்னத்த?"

"கேலன்."

"புரியல, ஆரின்."

"எத்தனைன்னு."

ஆரினிடம் கன்று ஈனும் பசுவிடம் நிற்பதுபோல நிற்கவேண்டும். இழுத்தால் கெட்டது.

"கடை நிறைய ஆளுங்க. காபி ஊத்திட்டிருந்தாங்க. 'லவோன், மாசம் எத்தனை கேலன் டீசல் போகுது'ன்னு கேட்டுட்டேன். சத்தமா. எல்லாரும் கப்பைக் கீழ வெச்சிட்டாங்க. அவங்க ஒரு வார்த்தை பேசல. திரும்பி உள்ள போயிட்டாங்க." முகம் சிவந்தது; காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். "மாடு எத்தனைன்னு கேட்ட மாதிரிதானே அது. அதுவும் ஒரு பொம்பளகிட்ட, அவங்க கடையிலேயே."

"எதுக்கு அப்படிக் கேட்டீங்க?"

"லாரிக்காரன் சொன்னான், பம்பை மூடிடுவாங்க போலருக்குன்னு. நான் வாங்கறது போதுமா, இன்னும் கொஞ்சம் கூட வாங்கணுமான்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"அதனால இப்ப ஒரு சொட்டும் வாங்கறதில்ல."

ஆரின் டேங்க்கைப் பார்த்தார். தெற்கே கடை இருக்கும் திசையைப் பார்த்தார். மறுபடி டேங்க்கைப் பார்த்தார்.

"அந்தக் கோணத்துல யோசிக்கல" என்றார்.

'மன்னிச்சுக்கோ' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஒரு வார்த்தையைவிட நூறு கேலனைச் சுமப்பது சுலபம் என்று நினைக்கிற ஆம்பிளைகள் எங்கள் மாவட்டத்தில் நிறைய. ஆரின் அவர்களில் நாணயமானவர், நிஜமாகவே சுமந்துவிட்டார்.

"கடையில சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். கடையில் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை காப்பாற்றியும் வருகிறேன். இது கடையில்லை, பத்திரிகை.

மாசத்தின் கடைசி நாள் வந்தது. லவோன் கடையில் நானும் மைலோவும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். ஆரினின் நாற்காலியை விட்டுத்தான் உட்கார்ந்தோம். அந்த அளவுக்கு நாகரிகம் உண்டு. லவோன் டெலிபோனைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் ரொட்டிப் பையையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் வெளியே போனார். மைலோ காபியைக் கலக்குவதை நிறுத்தினார்.

அப்போதுதான் மேற்கே மேட்டின் மேல் ஆரினின் பிக்கப் தெரிந்தது. மைல்ஸ் சிட்டி காளைச் சந்தையிலிருந்து யாருடைய காளைகளையோ ஏற்றிக்கொண்டு வருகிறார். வழக்கம்போலத் தாண்டிப் போய்விடுவார் என்று பார்த்தால், இறக்கத்தில் வந்த வண்டியில் சத்தம் இல்லை. டயர் சரளையில் நெரிபடும் ஒலி மட்டும் கேட்டது. வேகம் குறைந்து, குறைந்து, எஞ்சின் செத்த பிக்கப் பழைய பசு தொழுவத்துக்குத் திரும்புவதுபோல் டீசல் பம்புக்கு நேரே வந்து நின்றது. பின்னால் காளைகள் ஒரே குரலில் விசாரித்தன.

நடந்தது இதுதான், பிறகு மைலோ ஆராய்ந்து அறிவித்தது. மைல்ஸ் சிட்டியில் இரண்டு டேங்க்கையும் ரொப்பியிருக்கிறார். கீழ் டேங்க்கை ரொப்ப வால்வை மூடியவர் திறக்க மறந்துவிட்டார். காளைகளை இறக்கிவிட, வாங்கியவர்கள் வீடு வீடாக ஊர் சுற்றியிருக்கிறார். முள் அசையாது என்ற சந்தோஷத்தில் அவர் முள்ளைப் பார்ப்பதையே விட்டு ரொம்ப நாளாயிற்று. அதை மறைத்துக் கையுறைகளும் வேலிக் குறடும் பசுவுக்குப் போடும் ஊசிப் பெட்டியும் குவிந்து கிடந்தன. டீசல் தீர்ந்தால் மணி அடிக்கவேண்டும். அந்த மணி, சீட் பெல்ட் போடாததற்கும் அடிக்கிறது என்று அதன் ஒயரை வண்டி வாங்கிய வாரமே பிடுங்கிவிட்டார். முதுகுக்குப் பின்னால் நூறு கேலனை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் டீசல் இல்லாமல் நின்றார்.

ஆரின் இறங்கினார். லவோன் பம்பின் அருகே கையில் பையோடு நின்றிருந்தார்.

"டீசல் தீந்துடுச்சா?" என்றார் லவோன்.

"இல்ல."

"இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"நூறு."

"அப்ப ஏன் நின்னுட்டே?"

ஆரின் திரும்பி டேங்க்கைப் பார்த்தார். பதில் கதவருகே ஓடிவந்திருந்த மைலோவிடம் இருந்தது. "வால்வு, ஆரின். வால்வைத் திறங்க. தானா இறங்கும், ரெண்டு நிமிஷம் விட்டுட்டு சாவியப் போடுங்க, போயிட்டே இருக்கலாம்."

மைலோ நல்ல வெல்டர். ஆனால் எப்போது வாயை மூடவேண்டும் என்பதற்கு அவருக்கு வால்வு கிடையாது.

ஆரின் பிக்கப்பின் விளிம்புக்கு மேல் குனிந்து கையை உள்ளே விட்டார். வால்வைப் பிடித்தது தெரிந்தது. கால் சுற்றுத் திருப்பினால் போதும். லவோன் பம்பின் பக்கம் திரும்பி, பையைக் குழாய் வாயில் மாட்டத் தொடங்கினார். காற்று அதை இரண்டு முறை பறித்தது.

ஆரின் அந்தப் பையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது. டிரெயிலரில் நின்ற காளைகளுக்கு இன்னும் அதிக நேரமாகத் தோன்றியிருக்கும். பிறகு வால்விலிருந்து கையை எடுத்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"லவோன். ரொப்பிடு."

"அதான் நூறு இருக்கே."

"அது மைல்ஸ் சிட்டி டீசல்."

"டீசல்ல என்ன ஊரு?"

"அது பாட்டுக்கு மேலயே இருக்கட்டும். கீழ காலி. இங்க ரொப்பு."

லவோன் பையைக் கழற்றி ஏப்ரன் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். டீசல் இறங்குகிற சத்தத்தில் பேசுவது சுலபமாக இருந்திருக்க வேண்டும். ஆரின் பம்பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கு நான் கேட்டது தப்பு. எல்லார் முன்னாலயும்."

"என்ன கேட்டே?"

"எத்தனை கேலன்னு. நீ திரும்பி உள்ள போயிட்டே."

லவோன் யோசித்தார். "ரோல் தீஞ்சு போச்சு, அடுப்பைப் பார்க்க ஓடினேன். நீ கேட்டது காதுல விழுந்துதா இல்லையான்னுகூட நினைவில்ல." பிறகு அவர் முகம் மாறியது. "இதுக்கா? இதுக்கா குளிர்காலம் பூரா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனே? நான் இலவங்கப்பட்டைன்னு நெனச்சு அதையும் குறைச்சிட்டேனே."

"குறைச்சிட்டியா?" ஆரின் முதல்முறையாக நிமிர்ந்தார். "அது நல்லாருந்துதே."

அன்று மாலை லவோன் லாரிக்காரருக்குப் போன் செய்து முழு லோடு சொன்னார். அது எப்படி விற்கும் என்ற கவலைக்கு ஆரினே வழி கண்டுபிடித்தார்: மைல்ஸ் சிட்டி டீசலை ஓட்டித் தீர்த்துவிட்டு, இனி இரண்டு டேங்க்கையும் இங்கேயே ரொப்புவது. லவோனைத் தவிர்க்க மாட்டிய டேங்க், லவோனின் மிகப்பெரிய வாடிக்கையாளர் ஆகிவிட்டது. ரொட்டிப் பை சமையலறைக்குப் போய் ரொட்டிக்கே பயன்படுகிறது. ரோலில் அந்த ஒரு சிட்டிகை திரும்ப வந்துவிட்டது.

என் விசாரணையின் முடிவு: ஊர் சொன்னது சரி, காரணம் தப்பு. இதை ஊரில் சொன்னேன். யாருக்கும் பிடிக்கவில்லை. லவோன் கடையில் நிறைய டீசல் வாங்கவேண்டும் என்றுதான் ஆரின் ஆரம்பத்திலேயே அந்த டேங்க்கை மாட்டினார் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். தபால் நிலையம், தானியக் கிடங்கு இரண்டையும் தாண்டியாயிற்று; ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி. அவரிடமே கேட்டால், "தூரம் ஜாஸ்தி" என்கிறார்.

ஒன்று மட்டும் தீரவில்லை. ஆரின் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள், கடை நிரம்பியிருந்தபோது, லவோன் காபியை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நீ கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் தரலை. கடன் கடன்தான், தந்துடறேன். மாசம் எத்தனை கேலன்னுதானே? அதுக்கு முன்னாடி நீ சொல்லு, ஆரின். உன்கிட்ட மாடு எத்தனை?"

கப்புகள் எல்லாம் கீழே இறங்கின. மைலோ தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆரின் சர்க்கரை போடாத காபியை நிதானமாகக் கலக்கினார்.

"எண்ணிட்டு வந்து சொல்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு பலமுறை வந்துபோய்விட்டார். ஒவ்வொரு முறையும் லவோன் தட்டை வைத்துவிட்டு, "எண்ணியாச்சா?" என்கிறார். ஆரின் ரோலைப் பிய்த்தபடி, "காத்து ஜாஸ்தி. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுங்க" என்கிறார்.